மொய் நோட்டு விசாரணை

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் சூளை மேஸ்திரியாக இருந்த நல்லமுத்துவை, இந்திய அரசாங்கம் முதன்முதலாக 'மதிப்பிற்குரிய வரி செலுத்துபவரே' என்று அழைத்தது 2024ஆம் வருடம் ஜூன் மாதத்தில். அதுவரை அவர் வரி எதுவும் செலுத்தியதில்லை. செலுத்தும் அளவுக்கு வருமானமும் இருந்ததில்லை. மாதம் பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய் சம்பளம். அகல் விளக்கு, பொம்மை, ஃப்யூஸ் கட்டை என்று எது சூளைக்குள் போனாலும் வெடிக்காமல் வெளியே எடுத்துக் கொடுப்பது அவர் வேலை.

ஆனால் வருமான வரிக் கணக்கு மட்டும் தாக்கல் செய்திருந்தார். அதற்குக் காரணம் அவருடைய கூரை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் கழற்றிவிட்டுத் தளம் போடலாம் என்று வங்கிக்குக் கடன் கேட்கப் போனார். மேனேஜர் அவருடைய சம்பளச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரிட்டன் ஃபைல் பண்ணுங்க. அப்பத்தான் நீங்க வருமானம் உள்ளவர்னு எங்களுக்கு நம்பிக்கை வரும்" என்றார். நல்லமுத்து பாலக்கரையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த திலீபனிடம் போனார். திலீபன் ஜெராக்ஸ் எடுப்பான், பஸ் டிக்கெட் போடுவான், பட்டா மாற்றுவான், வருமான வரியும் போடுவான். ஊரில் அவனை ஆடிட்டர் என்றார்கள். அவன் மறுத்ததில்லை. ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, வரி பூஜ்யம் என்று போட்டு அனுப்பிவைத்தான். கடனும் சாங்ஷன் ஆனது, இரண்டு தவணையாகக் கொடுப்பதாக.

மதிப்பிற்குரிய கடிதம் திலீபனுடைய மின்னஞ்சலுக்குத்தான் வந்தது. நல்லமுத்துவுக்கு மின்னஞ்சல் இல்லாததால் அவன் தன்னுடையதையே கொடுத்திருந்தான். நூற்றுச் சொச்சம் பேருக்கு அவன் அப்படிக் கொடுத்திருந்தான். கடிதம் வந்த ஐந்தாம் நாள் அதைப் பார்த்து, போன் செய்து வரவழைத்தான்.

"அண்ணே, உங்களை ஸ்க்ரூட்டினிக்கு எடுத்துட்டாங்க."

"எடுத்து?"

"ஆய்வு பண்ணுவாங்க. எல்லாரையும் எடுக்க மாட்டாங்கண்ணே. நாடு பூரா அத்தனை பேர் கணக்குக் குடுக்கிறதுல கம்ப்யூட்டரே பார்த்து உங்களைப் பொறுக்கி எடுத்திருக்குது." அவன் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அவனுடைய வாடிக்கையாளர்களில் இந்த உயரத்துக்கு யாரும் போனதில்லை.

விஷயம் இதுதான். 2022 ஆவணியில் நல்லமுத்துவின் மகள் அன்பரசிக்குக் கல்யாணம் நடந்தது. மொய் எழுத இரண்டு மேசை போட்டிருந்தார்கள். எழுநூற்று நாற்பத்து மூன்று பேர் எழுதினார்கள். மொத்தம் பத்து லட்சத்து முப்பத்தேழாயிரத்து இருநூற்று நாற்பத்து மூன்று ரூபாய். அவ்வளவு பணத்தை வீட்டில் வைத்துக்கொள்ளப் பயந்து மறுநாளே வங்கியில் கட்டினார். மூன்று வாரத்தில் மண்டபம், சமையல், நகைக்கடை, பந்தல் என்று அது முழுவதும் வெளியே போய்விட்டது. இருபத்தைந்து வருடமாக அவர் மற்றவர்களுக்கு வைத்த மொய் அது. வந்தது, போனது. அவர் மனதில் அது வருமானமாக ஒருநாளும் பதியவில்லை. வங்கி மட்டும் அதைத் துறைக்குத் தெரிவித்திருந்தது.

"கல்யாண மொய்க்கு வரி கிடையாதுண்ணே. சட்டத்திலேயே போட்டிருக்குது" என்றான் திலீபன். நல்லமுத்து மூச்சு விட்டார். திலீபன் அந்தப் பிரிவைத் திரையில் மேலும் இரண்டு வரி படித்தான். முகம் மாறியது.

"என்னா தம்பி?"

"யாருக்குக் கல்யாணமோ அவங்க வாங்கினாத்தான் வரி இல்லையாம். கல்யாணம் உங்களுக்கு நடந்திருந்தா பிரச்சனையே இல்லண்ணே."

"எனக்கு நடந்து இருபத்தெட்டு வருசம் ஆவுது."

"அதான் சிக்கல்."

வீட்டுக்கு வந்து மனைவி ஆதிலட்சுமியிடம் சொன்னார். அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கையை எடுக்காமலே கேட்டாள்: "பொண்ணு கல்யாணத்தன்னிக்கு நீங்களும் ஒருத்தியக் கட்டிக்கிட்டிருந்தா வரி இல்லன்றாங்களா?"

"அப்படித்தான் இருக்குதாம்."

"நல்ல சட்டம்" என்று சொல்லிவிட்டு அவள் புளியை வடிகட்டினாள்.

சொந்தக்காரர்கள் கொடுத்ததற்கும் வரி இல்லை என்று மறுநாள் திலீபன் கண்டுபிடித்தான். கூடப்பிறந்தவர்கள் வரலாம், மாமன் வரலாம், அத்தை வரலாம். சித்தப்பா மகன் வர முடியாது. சட்டப்படி சித்தப்பா மகன் சொந்தமே இல்லை. மொய் நோட்டில் சித்தப்பா மகன்களும் பெரியப்பா மகன்களும் மட்டும் நாற்பது பேர் இருந்தார்கள். அந்த நாற்பது பேரையும் திலீபன் பென்சிலால் சுழித்தான்.

மொய் நோட்டு இரண்டையும் ஸ்கேன் எடுத்து ஏற்ற வேண்டியிருந்தது. இணையதளம் ஒரு கோப்புக்கு ஐந்து எம்பிக்கு மேல் வாங்காது. மொய் நோட்டிலோ மஞ்சள் கறையும் சந்தனக் கறையும் இருந்தன. கறை உள்ள பக்கம் கனமாக இருந்தது. பாதி ஏறும்போது தளம் நல்லமுத்துவின் பாதுகாப்பைக் கருதி அவரை வெளியே தள்ளிவிடும். மறுபடி ஓடிபி வாங்கி உள்ளே போக வேண்டும். ஒன்பது நாள் ஆனது. ஒன்பது நாளும் நல்லமுத்து முதல் ஷிஃப்ட் முடித்து, முகத்தில் சூளைத் தூசியோடு, திலீபன் கடை ஸ்டூலில் போனைக் கையில் பிடித்தபடி ஓடிபிக்குக் காத்திருந்தார்.

பத்தாம் நாள் பதில் வந்தது. ஆவணம் தமிழில் இருப்பதால் அதைப் பரிசீலிக்க இயலவில்லை, மொழிபெயர்த்துத் தருக. ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார் ஒருவர் பக்கத்துக்கு நாற்பது ரூபாய் என்று பேசி மொழிபெயர்த்தார். மனுஷர் நேர்மையானவர். நோட்டில் 'வேப்பூர் அத்தை' என்று இருந்ததை 'வேப்பூர் ஆன்ட்டி' என்றும், 'கோழிக்கடை' என்று இருந்ததை 'பவுல்ட்ரி ஷாப்' என்றும், 'சைக்கிள் கடை மொட்டை' என்று இருந்ததை இங்கிலீஷில் 'வழுக்கைத் தலையர், சைக்கிள் நிலையம்' என்றும் எழுதிக்கொடுத்தார்.

அடுத்த கடிதம் பதினோரு கேள்விகளோடு வந்தது. ஆன்ட்டி, பவுல்ட்ரி ஷாப், வழுக்கைத் தலையர் உள்ளிட்ட எழுநூற்று நாற்பத்து மூன்று நபர்களின் பான் எண், முகவரி, தொழில், ஒப்புதல் கடிதம், பணம் கொடுக்கும் சக்தி அவர்களுக்கு இருந்ததற்கான ஆதாரம் ஆகியவற்றைப் பதினைந்து நாளுக்குள் தருக. ஏழாவது கேள்வியைத் திலீபன் இரண்டு முறை படித்துக் காட்டினான். எல்லாத் தொகைகளும் 101, 501, 1001, 2001 என ஒன்றில் முடிகின்றன. இது ஒரு திட்டமிட்ட ஒழுங்கைக் காட்டுகிறது. அந்த ஒரு ரூபாய்க்கு விளக்கம் தருக.

இவ்வளவு கேட்கிறவர் யாரோ, அவரையே நேரில் பார்த்துப் பேசிவிடலாம் என்று நல்லமுத்து ஒரு நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறி மாவட்டத்தில் இருந்த வரித்துறை அலுவலகத்துக்குப் போனார். அங்கே ஒரு இன்ஸ்பெக்டர் மரியாதையாக உட்காரச் சொன்னார். கடிதத்தைப் பார்த்துவிட்டு வருத்தத்தோடு சிரித்தார்.

"இது எங்ககிட்ட வராதுங்க. இது முகமில்லா மதிப்பீடு. யார் பார்க்கிறாங்க, எந்த ஊர்ல பார்க்கிறாங்கன்னு எங்களுக்கே தெரியாது. தெரியக் கூடாது."

"நீங்க ஆபீசருதானங்க?"

"ஆபீசர்தான். ஆனா பாருங்க, முகம் இருக்கிறவங்ககிட்ட ஃபைல் கிடையாது. ஃபைல் இருக்கிறவங்களுக்கு முகம் கிடையாது. அப்படித்தான் ஊழலை ஒழிச்சிருக்கோம்." பிறகு அக்கறையாகச் சொன்னார்: "கட்டணும்னு ஆர்டர் வந்துடுச்சுன்னா எங்ககிட்டதான் வரும். வசூலுக்கு எங்களுக்கு முகம் உண்டு. அப்ப வாங்க."

டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

ஒப்புதல் கடிதத்துக்குத் திலீபன் ஒரு மாதிரி அடித்துக்கொடுத்தான். '... ஆகிய நான், திரு. நல்லமுத்து அவர்களின் மகள் திருமணத்தில் ரொக்கமாக ரூபாய் ... அன்பளிப்பாகக் கொடுத்தது உண்மை என்றும், அப்பணம் என்னுடைய நேர்மையான வருமானத்திலிருந்து கொடுக்கப்பட்டது என்றும், இதில் தவறு இருப்பின் சட்ட நடவடிக்கைக்கு உட்படுவேன் என்றும் உறுதி கூறுகிறேன்.' எழுநூற்று நாற்பத்து மூன்று பிரதி. ஜெராக்ஸில் திலீபன் தள்ளுபடி கொடுத்தான். நல்லமுத்து அந்தக் காகிதக் கட்டை மொபட்டின் முன்னால் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கிளம்பினார்.

முதல் நாள் ஆறு வீடு. எல்லோரும் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கடைசி வரியைப் படித்துவிட்டு, "பையன் வந்ததும் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார்கள். இரண்டாம் நாள் தண்ணீர் இல்லை. மூன்றாம் நாள் மொபட் சத்தம் கேட்டதும் கதவுகள் மூடின. நல்லமுத்து வீட்டுக் கல்யாணத்தில் மொய் வைத்தவர்களுக்கெல்லாம் ரெய்டு என்று ஊரில் பேச்சாகிவிட்டது. கோழிக்கடைக்காரர், தான் மொய் எழுதும் பழக்கமே இல்லாதவர் என்றார். சைக்கிள் கடைக்காரருக்கு, மொழிபெயர்ப்பில் தன்னை என்னவென்று எழுதியிருக்கிறார்கள் என்பது எப்படியோ தெரிந்திருந்தது. அவர் பேசவே இல்லை.

சித்தப்பா மகன் தமிழ்மணி வீட்டில்தான் நல்லமுத்துவுக்கு உண்மையில் நம்பிக்கை இருந்தது. ஐயாயிரத்து ஒன்று வைத்தவன். பந்தியில் நின்று சாம்பார் ஊற்றியவன்.

தமிழ்மணி தாளைக் கையில் வாங்கவில்லை. "எந்தக் கல்யாணம்?" என்றான்.

"என்னாடா இப்பிடிக் கேக்குற? நம்ம அன்பரசி கல்யாணம்."

"நான் வந்தேன், சாப்பிட்டேன், போனேன். மொய்யெல்லாம் எனக்கு ஞாபகம் இல்ல."

"நோட்டுல உன் பேரு இருக்குதுடா."

"நோட்டுல நீ என்னா வேணா எழுதுவ. மணல் லாரி வச்சுப் பொழைக்கிறவன்ணே நான். எந்த வருமானம்னு போடுறது?" தமிழ்மணி கொஞ்சம் குரலை இறக்கினான். "அதுவும் இல்லாம, சட்டப்படி நீயும் நானும் சொந்தமே இல்லன்னு திலீபன் கடைல சொன்னாங்க. சுழிச்சுப் போட்டிருக்கீங்களாமே?"

நல்லமுத்து மொபட்டைத் திருப்பிக்கொண்டு வந்தார். பதினைந்து நாளில் கிடைத்தது ஏழு கையெழுத்து. அதில் ஒன்று, அதே தொழிற்பேட்டையில் சூளைக்கு விளக்கு அடுக்கும் பாஞ்சாலையுடையது. ஒன்பதாயிரம் சம்பளம், புருஷன் இல்லை. அவள் பெண்ணுக்குக் காது குத்தியபோது நல்லமுத்து வைத்ததைத் திரும்ப வைத்திருந்தாள். தாளை முழுக்கப் படித்தாள்.

"பயமா இருந்தா வேணாம்மா" என்றார் நல்லமுத்து.

"வச்சது வச்சதுதானண்ணே. இல்லன்னு எப்பிடிச் சொல்றது?" என்று அடுக்குப் பலகையின் மேல் வைத்தே கையெழுத்துப் போட்டாள். ரூபாய் இரண்டாயிரத்து ஒன்று.

ஏழு கையெழுத்தை வைத்து ஒன்றும் ஆகாது என்று திலீபனுக்குத் தெரிந்தது. அவன் ஒரு யோசனை சொன்னான். கல்யாணம் அன்பரசிக்கு. ஆகவே மொய் அன்பரசிக்கு வந்தது. அப்பா அவள் சார்பாகத் தன் கணக்கில் கட்டினார், அவ்வளவுதான். சட்டத்துக்கு அச்சாகப் பொருந்துகிறது. அன்பரசி ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தால் போதும். அவளைத் திட்டக்குடியிலிருந்து வரவழைத்தார்கள். இருபது ரூபாய் ஸ்டாம்பு பேப்பரில், பத்து லட்சத்து முப்பத்தேழாயிரமும் தனக்குச் சொந்தமானது என்று அவள் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டாள். பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு நல்லமுத்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிக்கொடுத்து அனுப்பினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சம்மந்தி ராஜவேல் வந்தார். திட்டக்குடியில் உரக்கடை வைத்திருப்பவர். அதட்டிப் பேசாதவர். டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"பத்து லட்சத்து முப்பத்தேழாயிரம் எங்க மருமவளோடதுன்னு பத்திரம் எழுதியிருக்கீங்களாம். சந்தோசம்."

"அது வரிக்காவ எழுதினதுங்க சம்மந்தி. கணக்குக்கு."

"அப்ப பொய்யா?"

நல்லமுத்து வாயைத் திறந்தார். பொய் என்று சொன்னால் பிரமாணப் பத்திரத்தில் பொய். மெய் என்று சொன்னால் பணம் எங்கே? மூடிக்கொண்டார்.

"பொய் இல்லங்க" என்றாள் ஆதிலட்சுமி, வேறு வழி தெரியாமல்.

"எனக்கும் தெரியும்மா. ஸ்டாம்பு பேப்பர்ல யாரு பொய் எழுதப் போறாங்க?" ராஜவேல் எழுந்தார். "அவசரம் இல்ல. தை மாசத்துக்குள்ள பாத்துக் குடுங்க. கடைக்கு மொதலு போடணும்."

அக்டோபரில் காணொலி விசாரணைக்கு நாள் குறித்தார்கள். நல்லமுத்து கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு காலை பத்து மணிக்கே திலீபன் கடைக்குப் போய்விட்டார். திலீபன் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிட்டு, பின்னால் தொங்கிய பஸ் நிறுவனக் காலண்டரை எடுத்துவிட்டு லேப்டாப்பை வைத்தான். பதினொன்றரைக்குத் திரை திறந்தது. ஒரு பக்கம் நல்லமுத்துவின் முகம் தெரிந்தது. மறுபக்கம் ஒரு கறுப்புச் சதுரம்.

முதலில் இந்தியில் ஒரு குரல் பேசியது. பிறகு அதைத் தமிழில் சொல்ல இன்னொரு குரல் வந்தது. அந்தத் தமிழ் வானொலிச் செய்தி போல இருந்தது.

"வணக்கம். தங்கள் முகத்தைத் தெளிவாகக் காட்டுக. நெற்றியும் தெரிதல் வேண்டும். ஆதார் அட்டையைக் கன்னத்தின் அருகே பிடித்துக்கொள்க."

நல்லமுத்து பிடித்துக்கொண்டார். "ஐயா, உங்க முகம் தெரியலீங்க" என்றார்.

"தெரியாது. இது முகமற்ற முறை. இம்முறையில் அதிகாரிக்குத் தங்களைத் தெரியாது. தங்கள் ஊர் தெரியாது. தங்கள் தொழில், பழக்கவழக்கம், குடும்பச் சூழ்நிலை எதுவும் தெரியாது. எதுவும் தெரியாமல் முடிவெடுப்பதால் அம்முடிவு முற்றிலும் நடுநிலையானது. தங்களுக்கு மகிழ்ச்சிதானே?"

திலீபன் முழங்கையால் இடித்தான். "மகிழ்ச்சிங்க" என்றார் நல்லமுத்து.

"முதல் வினா. வேப்பூர் ஆன்ட்டி அளித்த மூவாயிரத்து ஒரு ரூபாய்க்கு ஒப்புதல் கடிதம் ஏன் இல்லை?"

"அவங்க செத்துட்டாங்கய்யா. ஒரு வருசம் ஆவுது."

இந்தியில் சிறிது பேச்சு நடந்தது. "இறக்கும் முன் கடிதம் பெற்றிருக்கலாமே?"

"அப்ப நோட்டீஸ் வரலீங்க."

"நோட்டீஸ் வரும் என்று ஒவ்வொரு குடிமகனும் எதிர்பார்த்திருத்தல் வேண்டும். அடுத்தது. பதிவேட்டின்படி மொத்தத் தொகைக்கும் வங்கியில் செலுத்திய தொகைக்கும் இருநூற்று நாற்பத்து மூன்று ரூபாய் வித்தியாசம். அது எங்கே?"

"மொய் எழுதின பசங்களுக்கு டீயும் பஜ்ஜியும் வாங்கிக் குடுத்தங்க."

"ரசீது?"

நல்லமுத்து திலீபனைப் பார்த்தார். திலீபன் கூரையைப் பார்த்தான்.

"ஒரு ரூபாய் குறித்து விளக்குக."

இதற்கு நல்லமுத்து மூன்று நாளாகத் தயார் செய்து வைத்திருந்தார். "ஐயா, முழுசா ஐந்நூறுன்னு வச்சா அத்தோட முடிஞ்சுபோன மாதிரி ஆயிடும். ஒன்னு சேத்து வச்சா அது முடியாம நிக்கும். நாளைக்கு நான் அவங்க வூட்டுக்குப் போவணும், அவங்க நம்ம வூட்டுக்கு வரணும். அதுக்குத்தான் அந்த ஒரு ரூபா."

தமிழ்க் குரல் இதை இந்தியில் சொன்னது. நீளமாகச் சொல்லவில்லை. இந்திக் குரல் உற்சாகமாகியது போல் இருந்தது.

"நன்று. தொடர் பரிவர்த்தனைக்கான முன்பணம் என்று பதிவு செய்கிறோம்."

"இல்லீங்க, முன்பணம் இல்ல. இது நான் அவங்களுக்கு முன்னாடி வச்சது. இருபத்தஞ்சு வருசமா வச்சிருக்கேன். அதைத்தான் திருப்பி வச்சிருக்காங்க."

திலீபன் தலையில் கை வைத்தான்.

"அப்படியானால் தாங்கள் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பல நூறு நபர்களுக்கு ரொக்கமாகப் பணம் கொடுத்து வந்திருக்கிறீர்கள். அதற்கு உரிமம் உண்டா?"

"உரிமமா? கல்யாணத்துல வச்ச மொய்யிங்க!"

"அமைதி. கொடுத்த பணத்துக்கு வருமானம் எங்கிருந்து வந்தது? அதைத் தாங்கள் எந்தக் கணக்கிலும் காட்டவில்லை. இதைத் தாங்களாகவே வெளிப்படுத்தியமைக்குத் துறை பாராட்டுத் தெரிவிக்கிறது. முந்தைய ஆண்டுகளைத் திறப்பது குறித்துப் பரிந்துரை செய்யப்படும்."

"ஐயா, சூளையில நெருப்புல நிக்கிறவன்ங்க நான். என்கிட்ட ஒன்னும் இல்ல. வந்து வூட்டைப் பாருங்க. யாராவது ஒருத்தர் வந்து பாருங்க."

"வந்து பார்த்தல் இம்முறையில் கிடையாது. தங்களுக்கு ஒதுக்கப்பட்ட இருபது நிமிடம் நிறைவுற்றது. ஒத்துழைப்புக்கு நன்றி."

திரையில் நல்லமுத்துவின் முகம் மட்டும் கன்னத்தில் ஆதார் அட்டையோடு கொஞ்ச நேரம் நின்றது. அதன் கீழே, விசாரணை தங்களுக்குத் திருப்தியளித்ததா என்று ஐந்து நட்சத்திரம் வந்தது. ஒன்றையாவது அழுத்தாமல் வெளியே போக முடியவில்லை. திலீபன் ஐந்தையும் அழுத்தினான். "குறைச்சுப் போட்டா கோவிச்சுக்குவாங்கண்ணே" என்றான்.

தை மாதம் வந்தது. பொங்கலுக்கு அன்பரசி ஒரு பையோடு வந்தாள். பொங்கல் முடிந்தும் போகவில்லை. மாசி பிறந்த பிறகுதான் ஆதிலட்சுமி அவளைக் கேட்டாள்.

"பணத்தோட வரச் சொல்லியிருக்காங்கம்மா" என்றாள் அன்பரசி.

"அவரு என்னாடி சொல்றாரு, உன் வூட்டுக்காரரு?"

"அவரும் பத்திரத்தைப் படிச்சாரு."

நல்லமுத்து அன்று சூளையில் முதன்முதலாகத் தீயை முந்தி ஏற்றிவிட்டார். நானூறு விநாயகர் வெடித்தது. முதலாளி அதைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.

மார்ச் கடைசியில் உத்தரவு வந்தது. முப்பத்தொரு பக்கம். மொய் என்பது தமிழ்நாட்டில் நிலவும் ஒரு வகை நிதித் திரட்டு முறை என்று அதில் விளக்கியிருந்தார்கள். அன்பரசியின் பிரமாணப் பத்திரம் பின்யோசனையாகத் தயாரிக்கப்பட்டது என்றும், நம்பத்தகுந்ததல்ல என்றும் நிராகரித்திருந்தார்கள். அந்தப் பத்திரத்தை நம்பிய ஒரே தரப்பு திட்டக்குடிதான். ஏழு கையெழுத்துக்காரர்களுக்குக் கொடுக்கும் சக்தி நிரூபிக்கப்படவில்லை. ஆகவே முழுத் தொகையும் விளக்கமில்லாத பணம். அதற்கு வரி நூற்றுக்கு எழுபத்தெட்டு. வட்டியோடு சேர்த்துப் பத்து லட்சத்து மூவாயிரம். மொத்த மொய்யைவிட முப்பத்து நாலாயிரம் கம்மி.

"அப்பீல் போலாம்ணே" என்றான் திலீபன். "ஆனா வசூலை நிறுத்திவைக்கணும்னா அதுக்கு மொதல்ல இருபது பர்சன்ட் கட்டணும்."

"ரெண்டு லட்சத்துக்கு எங்க தம்பி போவேன்?"

அதற்கு அவர் எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. கூரைக் கடனின் இரண்டாம் தவணை, மூன்று லட்சத்து ஐம்பதாயிரம், மே மாதம் அவர் கணக்கில் விழுந்தது. ஷீட்டைக் கழற்றி, சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, மறுநாள் கான்கிரீட் போட ஆள் சொல்லியிருந்தது. காலையில் பணம் எடுக்கப் போனார். கணக்கில் பூஜ்யம். வரித்துறை முடக்கி எடுத்துக்கொண்டதாக மேனேஜர் சொன்னார். ரிட்டன் ஃபைல் பண்ணச் சொன்ன அதே மேனேஜர்.

"அது உங்க பேங்க் கடன் பணங்க. என் பணம் இல்ல."

"கணக்குல விழுந்துட்டா உங்க பணம்தான் சார். இஎம்ஐ ஜூன்லேருந்து ஆரம்பிக்குது. மறந்துடாதீங்க."

அவர் நேராக மாவட்ட அலுவலகத்துக்குப் போனார். அதே இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று வரவேற்றார். வசூல் என்பதால் இப்போது ஃபைல் அவரிடம் இருந்தது. மேசையில் இருந்ததிலேயே அதுதான் தடிமன்.

"இருபது பர்சன்ட்டுக்கு மேலேயே ஆயிடுச்சுங்க. இனி தாராளமா அப்பீல் போலாம். அதுவும் முகமில்லாததுதான். வரிசையில வைப்பாங்க. நாலஞ்சு வருசம் ஆவும். தோத்தாலும் பாக்கியத் தவணையாக் கட்டலாம், நான் பாத்துக்கறேன்" என்றார். நிஜமாகவே ஆறுதலாகத்தான் சொன்னார்.

கூரைக்கு மேல் கம்பி மட்டும் இருந்தது. அதன் மேல் தார்ப்பாய் விரித்துக் கல் வைத்தார்கள். ஆடிக் காற்றில் ஒருமுறை அது எதிர்வீட்டுக்குப் போய்விட்டது. எதிர்வீட்டுக்காரரும் மொய் எழுதியவர்தான். தார்ப்பாயை மடித்து வாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அன்பரசி தொழிற்பேட்டையில் பொம்மைக்குக் கண் வரையும் வேலைக்குச் சேர்ந்தாள். ஊரில் எந்தக் கல்யாணப் பத்திரிகையும் அந்த வீட்டுக்கு வரவில்லை. ஆதிலட்சுமிக்கு அதுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. மொய் மேசைக்கு வந்து நல்லமுத்து பேர் எழுதிவிட்டால், அது எந்தக் கம்ப்யூட்டருக்குப் போகுமோ என்று ஜனங்கள் பயந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

புரட்டாசியில் திலீபன் ஒரு தாளைக் கலரில் பிரின்ட் எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிட்டான். காசு வேண்டாம் என்றான். சிங்க முத்திரை, ஓரத்தில் பூ வேலை. நாட்டைக் கட்டியெழுப்புவதில் தாங்கள் ஆற்றிய பங்களிப்புக்கு இப்பாராட்டுச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. வகை: வெண்கலம். லட்சத்துக்கு மேல் வரி கட்டியவர்களுக்குக் கொடுப்பதாம்.

நல்லமுத்து அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டாம் ஷிஃப்டுக்குப் போனார். சாப்பாட்டு நேரத்தில் பாஞ்சாலை அவரைத் தேடி வந்தாள். கையில் ஒரு காகிதம். அவளுக்குத் தபாலிலேயே வந்திருந்தது. நல்லமுத்து படித்தார். ஒன்பதாயிரம் ரூபாய் மாத வருமானம் உள்ள தாங்கள், இரண்டாயிரத்து ஒரு ரூபாயை ஒரே நாளில் ரொக்கமாக அளித்தது எவ்வாறு? பதினைந்து நாளுக்குள் விளக்குக. மேலே, மதிப்பிற்குரிய பாஞ்சாலை என்று இருந்தது.

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "என்னாலதாம்மா" என்றார்.

"அத வுடுங்கண்ணே. இதுக்கு என்னா எழுதணும்? உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

அது உண்மைதான். பிரிவு எண்கள், கோப்பு அளவு, எத்தனை நிமிடத்தில் தளம் வெளியே தள்ளும், எந்த வார்த்தையை எழுதக் கூடாது என்று எல்லாம் அவருக்கு இப்போது தெரியும். காலி அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பாக்கெட்டிலிருந்த தாளை எடுத்து, அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் அதிலேயே குறிப்பு எழுத ஆரம்பித்தார். பாஞ்சாலை பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அவர் எழுதுவதையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாரத்துக்கு ஐம்பது ரூபாய் வீதம் நாற்பது வாரம் சேர்த்து வைத்தது. மீதி ஒரு ரூபாய்.

"ஒரு ரூபாய்க்கு என்னாண்ணே போடுவீங்க?"

நல்லமுத்து பேனாவைக் காகிதத்தின் மேலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "கைத்தவறுதலாகச் சேர்ந்துவிட்டது" என்று எழுதினார்.

"இப்பிடி எழுதினா வுட்டுடுவாங்களா?"

ஷிஃப்ட் மணி அடித்தது.

"ஆதார் அட்டை இருக்குதா?" என்று கேட்டார் நல்லமுத்து. "நாளைக்கு வரும்போது எடுத்துட்டு வா. கன்னத்துகிட்ட வச்சுக் காட்டச் சொல்லுவாங்க."